துணியை வாங்கியவர் பெயருக்கும் பொறுப்பு

இரண்டாம் உலகப் போர்க்காலப் படைச் சீருடைகளைத் தேடிச் சேர்க்கும் அன்பர்களுக்கு,

உங்கள் அலமாரியில் தொங்கும் ஒவ்வொரு கம்பளிச் சட்டைக்குள்ளும் ஒரு காலத்தில் ஓர் ஆள் இருந்தார் என்பதை உங்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த எண்ணமே உங்களில் பலரை இத்துறைக்கு இழுத்து வந்தது. ஆயினும் அந்த ஆள் யார், எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்தக் கடலைக் கடந்தார், உயிரோடு திரும்பினாரா என்று ஒருவரும் கேட்காமலேயே எத்தனையோ சீருடைகள் கை மாறுகின்றன. அதைவிடத் துயரமானது, அக்கேள்விகளுக்குச் சான்றில்லாத விடைகள் புனைந்து ஒட்டப்படுவதும், புனைந்த விடைக்கும் சேர்த்து விலை வைக்கப்படுவதும் ஆகும். சீருடையை விலை கொடுத்து வாங்குபவர் அதை அணிந்தவரின் பெயருக்கும் பொறுப்பேற்கிறார் என்பதும், அப்பொறுப்பு உழைத்துத் தேடுவதையும், தேடியும் கிடைக்காத இடத்தில் வாய் மூடி இருப்பதையும் ஒருங்கே கேட்கிறது என்பதும் இம்மடல் உங்கள்முன் வைக்கும் வாதம்.

உங்கள் கையில் இருப்பது எழுத்து நிறைந்த ஓர் ஆவணம். அமெரிக்கத் தரைப்படையின் கம்பளி மேல்சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். இடுப்பளவில் முடிந்துவிடும் அந்தக் குட்டைச் சட்டை, தளபதி ஐசனோவரின் செல்லப்பெயரால் 'ஐக் ஜாக்கெட்' என்று உங்களிடையே வழங்குகிறது. அதன் இடத்தோளில் தைத்த சின்னம், அணிந்தவர் இறுதியாகப் பணியாற்றிய படைப்பிரிவைக் குறிக்கும். வலத்தோளிலும் ஒரு சின்னம் இருக்குமானால் அது அவர் முன்பு போர்க்களத்தில் பணியாற்றிய பிரிவைக் குறிக்கும். இடக்கையின் கீழ்ப்பகுதியில் கிடையாகத் தைத்த சிறு பொன்னிறப் பட்டை ஒவ்வொன்றும் கடல் கடந்து கழித்த ஆறு மாதத்துக்குக் கணக்கு. அதே கையில் சாய்வாக ஓடும் பட்டை ஒவ்வொன்றும் மூன்றாண்டுப் படைப்பணிக்குக் கணக்கு. வலப்பக்க மார்புப் பைக்கு மேலே, வளையத்துக்குள் சிறகு விரித்த கழுகு பொன்னிற நூலில் தெரியுமானால், அவர் நன்மதிப்போடு படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று பொருள்.

இச்சின்னங்களுள் ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். சீன–பர்மா–இந்தியக் களம் என்று பெயரிடப்பட்ட போர்ப்பகுதியில் பணியாற்றிய அமெரிக்கர்களின் தோள்சின்னம் கேடய வடிவமானது. கீழ்ப்பகுதியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், மேற்பகுதியில் நீலப் பின்னணியில் சீனக் குடியரசின் சூரியனும் இந்தியாவைக் குறிக்கும் விண்மீனும் அமைந்தவை. இச்சின்னங்களில் பல அமெரிக்க ஆலைகளில் இயந்திரத்தால் பூவேலை செய்யப்பட்டவை. வேறு பல இந்தியக் கடைத்தெருக்களில் உள்ளூர்த் தையற்காரர்கள் பட்டிலும் சரிகையிலும் தோலிலும் கையால் செய்து கொடுத்தவை. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் கிடைத்த சட்டையின் தோளில் இந்தியக் கையொன்றின் தையல் இருக்குமானால், அது அந்தச் சிப்பாய் இந்திய மண்ணில் நடமாடியதற்கான முதல் சான்று. அந்தத் தையலைப் பிரித்தெடுப்பவர் ஒரு சின்னத்தைப் பெறுகிறார். அது எந்தச் சட்டையில், எத்தனை பட்டைகளோடு, எந்தக் குறியெழுத்தோடு இருந்தது என்ற செய்தியை நிரந்தரமாக இழக்கிறார்.

உங்கள்மீது இம்மடல் வைக்கும் முதல் குறை இதுவே. சின்னத்தைத் தனியாகவும், சட்டையைத் தனியாகவும், பதக்கங்களைத் தனியாகவும், விடுவிப்புச் சான்றைத் தனியாகவும் விற்றால் கூடுதல் காசு பார்க்கலாம் என்பதற்காக, ஒரு குடும்பம் அரை நூற்றாண்டு ஒன்றாகப் பாதுகாத்த பொருள்கள் ஒரே நாளில் நான்கு திசைக்குப் பிரிந்துபோகின்றன. சின்னம் பிரிக்கப்பட்ட இடத்தில், சுற்றிலும் வெளுத்த கம்பளிக்கு நடுவே வெளுக்காத ஒரு நிழலும் ஊசித் துளைகளின் வரிசையும் மட்டும் எஞ்சுகின்றன. பிறகு வேறொருவர் அந்த நிழலின்மேல், சந்தையில் நல்ல விலை போகும் 101-ஆம் வான்குடைப் பிரிவின் கழுகுச் சின்னத்தைத் தைத்து வைக்கிறார். அழுக்கை நீக்குவதாக எண்ணிச் சட்டையைத் துவைத்துவிடுவோரும் உங்களில் உண்டு. போருக்குப் பின் பரவலான சலவைத்தூள்களில் துணியை வெள்ளை வெளேரென்று காட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. புற ஊதா விளக்கின்கீழ் அது நீலமாக ஒளிரும். பிற்காலத்து நூலை அடையாளம் காண நீங்கள் நம்பியிருக்கும் எளிய சோதனை இதுதான். ஒரே ஒரு சலவை போதும், உண்மையான பழைய நூலும் போலி நூலைப் போலவே ஒளிர்ந்து, சோதனை பயனற்றுப் போவதற்கு.

இரண்டாம் குறை, சட்டை சொல்லாததைச் சட்டையின் பெயரால் சொல்வது. படைக்கு உடை வழங்கும் துறை தைத்த துணிச்சீட்டு ஒன்று பெரும்பாலும் உட்பையில் இருக்கும். தயாரித்த நிறுவனம், அளவு, ஒப்பந்த எண், ஒப்பந்த நாள் ஆகியவை அதில் அச்சாகியிருக்கும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் சட்டை தைக்கப்பட்டிருக்க முடியாது என்பதால், அந்த நாள் சட்டையின் வயதுக்கு ஓர் எல்லைக்கல். 1945-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் தைத்த சட்டை, 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியதாக விற்கப்படும்போது, பொய்யை உடைக்க வேறு எந்தச் சான்றும் தேவைப்படாது. அதே வேளை, அந்தச் சட்டையை அணிந்தவர் நார்மண்டியில் இறங்கியிருக்கவே முடியாது என்று முடிவு கட்டுவதும் தவறு. களத்தில் அணிந்த உடைகள் கிழிந்தும் கழிக்கப்பட்டும் போனபின், வீடு திரும்பும் தறுவாயில் புதுச்சட்டை பெற்றவர்கள் ஏராளமானோர். ஆகவே ஆளின் வரலாறும் துணியின் வரலாறும் இரண்டு தனிக் கேள்விகள் என்பதையும், ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்குப் பொருத்திவிடக் கூடாது என்பதையும் நீங்கள் மனத்தில் நிறுத்த வேண்டும்.

ஆளைத் தேடும் வழி பெரும்பாலும் காலரின் உட்புறத்திலிருந்து தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான சட்டைகள் ஒரே கொப்பரையில் வெளுக்கப்பட்ட முகாம்களில் அவரவர் உடை அவரவருக்கே திரும்புவதற்காக, குடும்பப்பெயரின் முதல் எழுத்தும் படை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் மையால் பொறிக்கப்பட்டன. இதுவே சலவைக் குறி. மங்கிய மையில் 'எஸ் 4827' என்பது போன்ற ஒரு குறியைக் கண்டவுடன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக நீங்கள் மகிழ்வது இயல்பே. ஆனால் கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகம் எவரும் தேடக்கூடிய வடிவில் வைத்திருக்கும் படைச்சேர்ப்புப் பதிவுகள் ஏறத்தாழ 90 லட்சம். நான்கு இலக்க எண்களோ மொத்தம் 10,000 மட்டுமே. ஆகவே ஒரே நான்கு இலக்கங்களைச் சராசரியாக 900 பேர் பகிர்ந்துகொண்டிருப்பர். முதலெழுத்தால் சலித்தெடுத்த பின்னரும் பத்துக்கணக்கானோர் மிஞ்சுவர். சலவைக் குறி ஒரு கூட்டத்தைக் காட்டுகிறது; அக்கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுப்பதே ஆய்வு.

பிரித்தெடுக்கவும் வழி இருக்கிறது. முழுப் படை எண்ணின் முதல் இலக்கம் 1 ஆனால் அவர் நிரந்தரப் படையில் விரும்பிச் சேர்ந்தவர். 2 ஆனால் மாநிலத் தேசியக் காவற்படையிலிருந்து வந்தவர். 3 அல்லது 4 ஆனால் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டப்படி அழைக்கப்பட்டவர். அடுத்த இலக்கம் நாட்டின் எந்தப் பகுதியில் சேர்ந்தார் என்பதைச் சுட்டும். பதிவில் பிறந்த ஆண்டும், வசித்த மாவட்டமும், படைக்கு முந்திய தொழிலும் இருக்கும். சட்டை எந்த ஊரில், யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்ற செய்தியை விற்பவரிடம் கேட்டு நீங்கள் எழுதி வைத்திருந்தால், அந்த ஒரு வரியே பத்துக்கணக்கான பெயர்களை இரண்டு மூன்றாகக் குறைத்துவிடும். அதைக் கேட்காமல் வாங்கிச் செல்பவர், திறவுகோலைக் கடையிலேயே விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிச் செல்கிறார்.

பெயர் கிடைத்த பின்னர், பணிக்கோப்பு எரிந்துவிட்டது என்ற விடை வந்ததும் உங்களில் பலர் தேடலைக் கைவிட்டுவிடுகிறீர்கள். 1973 ஜூலை 12 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் பற்றிய தீ, 160 முதல் 180 லட்சம் வரையிலான படையினர் கோப்புகளை அழித்தது. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அதில் போயின. அவற்றுக்குப் படியும் இல்லை, அட்டவணையும் இல்லை. இழப்பு பேரிழப்பே. ஆனால் கடற்படையினரின் கோப்புகளும் மரீன் படையினரின் கோப்புகளும் அத்தீயில் சிக்கவில்லை என்பதும், ஓரம் கருகி நீரில் ஊறிய தரைப்படைக் கோப்புகளில் சுமார் 65 லட்சம் மீட்டு உலர்த்தப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. எழுதிக் கேட்காமலேயே இல்லை என்று முடிவு செய்வது, இருக்கும் கோப்பையும் எரித்துவிடுவதற்குச் சமம்.

கோப்பே இல்லாதபோதும் தடங்கள் இருக்கின்றன. விடுவிக்கப்பட்ட நாளில் கணக்கு முடித்துக் கொடுத்த இறுதி ஊதியச் சீட்டுகள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. வீடு திரும்பிய சிப்பாய்கள் பலர் தங்கள் விடுவிப்புச் சான்றைத் தம் மாவட்டப் பதிவு அலுவலகத்தில் பதிந்து வைத்தனர். அச்சான்றில் அவர் பங்கெடுத்த போர்முனைகளும் பெற்ற பதக்கங்களும் கடல் கடந்த நாள்களும் வரிசையாக இருக்கும். கம்பெனி ஒவ்வொன்றும் நாள்தோறும் எழுதிய 'காலை அறிக்கை' இவற்றினும் நுட்பமான சான்று. கம்பெனி அன்று எங்கே இருந்தது, யார் புதிதாக வந்தார், யார் காயமுற்றார், யார் மருத்துவமனைக்குச் சென்றார், யார் இறந்தார் என்று மாற்றங்களை மட்டும் அது குறிக்கும். மாற்றம் நேராதவரின் பெயர் மாதக்கணக்கில் அதில் வராமலே போகலாம். 1944 முதல் 1946 வரையிலான ஆள்பட்டியல்கள் அழிக்கப்பட்டுவிட்டதால், காலை அறிக்கைகளைத் தாள் தாளாகப் புரட்டுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. உயிரிழந்தவரானால் அவரது உடல் எங்கே புதைக்கப்பட்டது, உடைமைகள் யாருக்கு அனுப்பப்பட்டன என்று கூறும் தனிக்கோப்பு ஒன்று உண்டு. இத்தனையும் மாதங்களை விழுங்கும் வேலை என்பது உண்மை. ஒரு சட்டைக்குப் பல மாத ஊதியத்தைக் கொடுக்கத் தயங்காத உங்களிடம் அந்த மாதங்களைக் கேட்பது மிகையாகாது.

எந்தச் சட்டைக்கு அந்த உழைப்பைத் தருவது என்பதிலும் உங்கள் மனம் மாற வேண்டியிருக்கிறது. வான்குடை வீரரின் சட்டை கண்ணாடிப் பேழைக்குள் போகிறது. லாரி ஓட்டியவரின் சட்டை கூறுபோட்ட துணிக்குவியலில் கிடக்கிறது. அசாமின் லேடோவிலிருந்து பர்மாவின் காடுகளையும் மலைகளையும் வெட்டி, 1942 இறுதியில் தொடங்கி 1945 தொடக்கத்தில் சீனாவை எட்டிய லேடோ சாலையில் ஏறத்தாழ 15,000 அமெரிக்கச் சிப்பாய்கள் உழைத்தனர். அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர், வெள்ளையரோடு கலவாமல் தனிப்பிரிவுகளில் பிரித்து வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். மலேரியாவும் மண்சரிவும் பருவமழையும் அவர்களில் பலரைக் கொன்றன. அவர்களோடு நின்று மண் சுமந்த இந்தியத் தொழிலாளர்களும் மடிந்தனர். பகைவனைச் சுட்ட பிரிவின் சின்னம் இல்லை என்பதால் அந்த மனிதர்களின் சட்டைகள் மலிவாக விற்கப்படுகின்றன. மலிவு என்பதால் ஒருவரும் அவற்றின் காலரைப் புரட்டிப் பார்ப்பதில்லை. சந்தை விலையை வைத்து வரலாற்றின் விலையை அளக்கும் பழக்கம், வாழ்ந்தபோது அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறைந்தபின்னும் நீட்டிக்கிறது.

தமிழகத்தில் இருந்தபடி சேகரிப்போருக்கு இப்பொறுப்பு இன்னும் நெருக்கமானது. காரணத்தைப் பிரிட்டிஷ் ஆவணங்களிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகளில் பெரும்பகுதி, 1940 செப்டம்பரில் லண்டன்மீது விழுந்த குண்டுகளில் எரிந்துபோனது. எஞ்சியவை இன்றும் 'எரிந்த ஆவணங்கள்' என்றே அழைக்கப்படுகின்றன. அத்தகைய இழப்புக்குப் பின், பதக்கத்தின் விளிம்பில் பொறித்த பெயர் பலருக்கு எஞ்சிய மிகச்சில அரசாங்கச் சான்றுகளுள் ஒன்று. அந்தப் போருக்கான வெள்ளிப் பதக்கங்கள் வெள்ளி விலை ஏறிய காலங்களில் உருக்கப்பட்டபோது, உலோகத்தோடு பெயர்களும் உருகின. இரண்டாம் உலகப் போருக்கான பதக்கங்களைப் பிரிட்டன் தன் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே வழங்கியது. இந்திய, தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலியப் படையினருக்கு வழங்கிய விண்மீன் பதக்கங்களின் பின்புறத்திலோ பெயர் பொறிக்கப்பட்டது. அதாவது, லண்டனில் கிடைக்கும் பர்மா விண்மீன் யாருடையது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாமற்போகலாம். வேலூரிலோ திருநெல்வேலியிலோ ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியில், பாச்சை உருண்டை மணத்தோடு காக்கிச் சட்டைக்கு அடியில் கிடப்பது தன் உரியவரின் பெயரைத் தானே சொல்லும். அந்தப் பெட்டி காயலான் கடைக்கு வந்து சேரும்போது, பதக்கத்தை எடைக்கும் சட்டையைக் கந்தலுக்கும் வாங்கிப் பிரிப்பவர், உலகில் பலருக்கும் வாய்க்காத சான்றைக் கையாலேயே அழிக்கிறார்.

தேடிக் கண்டதை எப்படிக் கையாள்வது என்பதும் உங்கள் அறத்தைச் சோதிக்கும் இடம். படையிலிருந்து நீங்கி 62 ஆண்டுகள் ஆனபின் அமெரிக்கப் பணிக்கோப்பு பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கிறது. திறந்த கோப்பில் வீரச்செயலும் இருக்கும், தண்டனையும் நோயும் மனமுறிவும் இருக்கும். அவற்றை மறைத்துக் கதையை மெருகேற்றுவது பொய். அவற்றைக் கடைச்சரக்காக்கி அம்பலப்படுத்துவது கொடுமை. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருக்கக்கூடும் என்ற நினைவோடு, முதலில் அவர்களுக்குத் தெரிவிப்பதே முறை. 1969-ஆம் ஆண்டு அமெரிக்கத் தரைப்படை பழைய படை எண்களைக் கைவிட்டு, குடிமக்களின் சமூகப் பாதுகாப்பு எண்ணையே படை எண்ணாக்கியது. எனவே வியட்நாம் போரின் பிற்காலச் சீருடையிலோ ஆவணத்திலோ அத்தகைய முழு எண் தென்பட்டால், அதைப் படமெடுத்துப் பரப்பாமல் மறைத்து வைப்பது உங்கள் கடமை.

இனி உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது. சீருடை உங்கள் கைக்கு வந்த நாளிலேயே, எதையும் பிரிக்காமல், தைக்காமல், துவைக்காமல், உள்ளும் புறமும் படமெடுத்து, குறியெழுத்து, துணிச்சீட்டு, பட்டைகளின் எண்ணிக்கை, சின்னத்தின் தையல், வாங்கிய இடம், விற்றவர் சொன்ன சொல் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். உடன் வந்த பொருள்களை ஒன்றாகவே வையுங்கள். விற்க நேர்ந்தால் ஒன்றாகவே விலைபேசுங்கள். சலவைக் குறியிலிருந்து பெயர்ப்பட்டியலைத் தேடுங்கள்; ஆவண மையத்துக்கு எழுதுங்கள்; கோப்பு எரிந்தது என்ற பதில் வந்தால் ஊதியச் சீட்டையும் காலை அறிக்கையையும் மாவட்டப் பதிவையும் கேட்டு மீண்டும் எழுதுங்கள். கிடைத்த செய்திகளை எழுதும்போது, ஆவணம் உறுதிசெய்தது எது, சான்றுகளிலிருந்து ஊகித்தது எது, வாய்மொழியாக மட்டும் வந்தது எது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் 'அணிந்தவர் யாரென அறியப்படவில்லை' என்று எழுதி, தேடிய இடங்களையும் குறிப்பிடுங்கள். அடுத்துத் தேடுபவர் நீங்கள் நின்ற இடத்திலிருந்து தொடங்குவார். அந்தத் தாளைச் சட்டையின் பையில் திணிக்காமல், அமிலமற்ற உறையிலிட்டுச் சட்டையோடு சேர்த்து வையுங்கள்.

கம்பளியை அந்துப்பூச்சி ஒருநாள் அரித்துத் தீர்க்கும், மையும் மங்கும். இன்று காலரின் உட்புறத்தில் படிக்க முடிகிற எழுத்தை இன்னும் சில பத்தாண்டுகளில் எவராலும் படிக்க முடியாமற்போகலாம். உங்களிடம் இருக்கும் சீருடைகளில், இதுவரை பெயர் தேடப்படாத ஒன்றை இன்றே வெளியே எடுங்கள். அதன் காலரைப் புரட்டிப் பாருங்கள். கண்டதைக் கண்டபடியே எழுதத் தொடங்குங்கள்.